டெக்கு, கிட், சாஃப்ட்வேர்: மெக்கானிக் பெஞ்சில் நடந்த பொறியியல்

வீட்டில் படம் பார்க்கும் கருவியைப் பிரித்து உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டறிந்தவர்களின் கதையை எழுதுகிறவர்கள் நார்வேயிலிருந்துதான் தொடங்குவார்கள். 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் வெளியானது. டிவிடித் தட்டுகளின் 40 பிட் பூட்டை அது திறந்துவிட்டது. அதில் பங்குகொண்ட யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. வழக்குப் போட்டார்கள். ஓஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது, டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பெயர், வழக்கு, தீர்ப்பு மூன்றும் இருப்பதால் அது வரலாறாக நிற்கிறது. மதுரைக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கும் திருமங்கலத்திலும் அதைப் போன்ற சந்தை ஊர்களிலும், டிவி மெக்கானிக் கடைகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த வேலைக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. ரிப்பேர் என்ற ஒற்றைச் சொல்லில் அதை முடித்துவிட்டோம். ஆவணம் தராத கருவியை அதன் நடத்தையிலிருந்தே படித்து, அந்தப் படிப்பைக் கொண்டு அதை வேறு வேலைக்குத் திருப்புவதுதான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால், அந்தக் கடைகளில் நடந்ததும் அதுதான் என்பது என் வாதம்.

ஊர் அமைந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். விருதுநகர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலையும் ராஜபாளையம் வழியாகக் கொல்லத்துக்குப் போகும் சாலையும் இங்கே பிரிகின்றன. மேற்கே உசிலம்பட்டிக்கு ஒரு சாலை. சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சனங்கள் சந்தைக்கு வருவதும், கெட்டுப்போன பெட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவதும் இங்கேதான். உதிரிபாகம் வேண்டுமென்றால் பஸ் ஏறி மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போக வேண்டும், அங்கேயும் இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருதான். கருவியைச் செய்தவன் ஜப்பானிலோ சீனாவிலோ இருந்தான். அவனுடைய சர்வீஸ் மேனுவல் வந்தால் அது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாக, பாதி எண்கள் அழிந்து வரும். ஐடிஐயில் ரேடியோ டிவி பிரிவு படித்தவரும், படிக்காமல் கடையில் உட்கார்ந்து தொழில் கற்றவரும் ஒரே மேசையில், ஒரே குறைவான தகவலோடு வேலை பார்த்தார்கள்.

முதலில் வந்தது டெக்கு. 1982 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது, நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அந்த அலையில் வண்ண டிவியோடு, டெக்கு என்று நாம் சொல்லும் வீடியோ கேசட் ரிக்கார்டரும் நாட்டுக்குள் வந்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷமானாலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டினார்கள். தியேட்டர்காரர்கள் சும்மா இருப்பார்களா? வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1984-லேயே தனிச் சட்டம் போட்டது. அதே ஆண்டில் மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ படத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, வாடகை டெக்கு புழுதியிலும் குறைந்த வோல்டேஜிலும் ஊர் ஊராக அலைந்தது. அலைந்த அலைச்சலுக்கு ஏற்ப மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்தது.

டெக்கின் மூடியைக் கழற்றினால் பாதி இயந்திரம் கண்ணுக்குத் தெரியும். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும், அரை அங்குல டேப் அதைச் சாய்வாகச் சுற்றிப் போகும், பெல்ட்டும் ஐட்லரும் பின்ச் ரோலரும் அதை இழுக்கும். தெரியாத பாதி, இத்தனையையும் ஏவும் மைக்ரோ கன்ட்ரோலருக்குள் இருந்தது. அதன் நிரல் சிப் செய்யும்போதே பதிந்துவிட்டது, வெளியில் எடுத்துப் படிக்க வழியில்லை. ஆனால் அதன் கோபதாபங்களைப் படிக்கலாம். ப்ளே அழுத்தினால் டேப் சுற்றிக்கொள்கிறது, டிரம் சுழல்கிறது, சில விநாடியில் எல்லாம் நின்று பவர் அணைந்துவிடுகிறது. கன்ட்ரோலர் ஏதோ ஒரு செய்திக்குக் காத்திருந்து, அது வராததால் டேப்பைக் காப்பாற்ற நிறுத்திவிட்டது என்பது முதல் ஊகம். அடுத்த முறை ஓடும்போது டேக்கப் ரீலை விரலால் சுற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அணையாமல் ஓடினால் ரீல் சென்சார் நன்றாக இருக்கிறது, தேய்ந்தது ஐட்லர் ரப்பர். அப்படிச் சுற்றியும் அணைந்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். கேசட்டை விழுங்கிய வேகத்தில் துப்பினால் டேப்பின் முனையைக் கண்டுபிடிக்கும் விளக்கையோ மோடு சுவிட்சையோ பார்க்க வேண்டும். எந்தச் செய்தி எப்போது வரவேண்டும், வராவிட்டால் எது நிற்கும் என்ற வரிசை சர்க்யூட் டயகிராமில் இருக்காது. அது நிரலுக்குள் இருக்கிறது. மெக்கானிக் அதை வெளியிலிருந்தே வரி வரியாக மனதில் எழுதிக்கொண்டார். உள்ளீட்டை மாற்றி வெளியீட்டைக் கவனித்து உள் விதியை ஊகிக்கும் இதே முறைதான் ஆய்வுக்கூடங்களிலும்.

வீடியோ சிடி வந்தபோது இந்த அறிவு ஒரு படி மேலே போனது. 1993-ல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி நான்கும் சேர்ந்து அதற்கான விதியை வகுத்தன. அதே ஆண்டு சீனாவில் ஹெஃபெய் நகரத்து வான்யன் என்ற கம்பெனி, அமெரிக்க சி-கியூப் சிப்பை மூளையாக வைத்து விசிடி பிளேயரைச் செய்தது. சந்தைக்கு விட்ட முதல் ஆயிரம் பிளேயர்களில் பெரும்பாலானவற்றைப் போட்டிக் கம்பெனிகளே வாங்கிப் பிரித்துப் பார்த்தன என்று சீனத் தொழில் வரலாற்றில் சொல்வார்கள். வான்யன் பேட்டன்ட் எடுத்துவைக்கவில்லை. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அதே பிளேயரைச் செய்தன, வான்யன் அடையாளமில்லாமல் போனது. பின்னால் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்ல இந்தச் செய்தி தேவைப்படும்.

முழு விசிடி பிளேயரின் விலை எட்டாத நாளில் நம் பக்கத்துக் கடைகளுக்கு வந்தது கிட். எம்பெக் டிகோடர் போர்டைத் தனியாக வாங்கி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆடியோ சிடி பிளேயருக்குள் பொருத்திப் படம் வரவைப்பது. பாட்டுக் கேட்கச் செய்த பெட்டியில் படம் எப்படி வரும்? கணக்கைப் பார்த்தால் வியப்பு போய்விடும். ஆடியோ சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் 16 பிட்; பெருக்கினால் 14,11,200 பிட். விசிடியில் விநாடிக்கு 75 செக்டார், ஒவ்வொன்றிலும் 2352 பைட். அதுவும் 14,11,200 பிட். தட்டு ஒன்று, வேகம் ஒன்று. லென்ஸும் அதன் பின்னாலுள்ள சர்வோ சிப்பும் பாட்டா படமா என்று பார்க்காமல் பிட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அவற்றை ஒலியாக்கும் டிஏசி சிப்புக்குப் போகும் வழியில் மறித்து வாங்கி டிகோடரிடம் கொடுத்தால் போதும். மறிக்க வேண்டியவை மூன்று கம்பிகள்: ஒவ்வொரு பிட்டுக்கும் தட்டும் பிசிகே, இடது வலது சேனலைப் பிரிக்கும் எல்ஆர்சிகே, பிட்டுகளே ஓடும் டேட்டா. மறிக்கும் இடமும் முக்கியம். தட்டில் இருப்பது டேட்டா என்று தெரிந்ததும் பல பிளேயர்கள் ஒலியை அடைத்துவிடும். அடைப்புக்கு முன்னால் கம்பியைப் போட வேண்டும்.

பிளேயர் ஒவ்வொன்றிலும் சர்வோ சிப் வேறு, கால்களின் வரிசை வேறு. டேட்டா ஷீட் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், ஆஸிலாஸ்கோப் என்ற ஆடம்பரம் இல்லாத பெஞ்சில், சாதாரண மல்டிமீட்டரே வழிகாட்டும். கடிகாரத் துடிப்பு பாதி நேரம் 5 வோல்ட், பாதி நேரம் 0; மீட்டரின் டிசி அளவில் அதன் சராசரியாக இரண்டரை வோல்ட் காட்டும். ஆக டிஏசிக்குப் போகும் தடங்களில் எப்போதும் இரண்டரையில் நிற்பவை கடிகாரங்கள். டேட்டா கம்பியோ பாட்டு ஓடும்போது இரண்டரையைச் சுற்றி ஆடும். பாஸ் அழுத்தி ஒலி முழுவதும் நின்றால், பிட்டுகள் எல்லாம் பூஜ்யமாகி மீட்டரின் முள் கீழே விழும். பாஸை எடுத்தால் மறுபடி எழும். இரண்டு கடிகாரத்தில் எது எது என்பதை மாற்றிப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. சோனி சிப் பிட்டுகளை அடுக்கும் முறை ஒன்று, பிலிப்ஸ் முறை வேறு. ஒரு பிட் தள்ளியிருந்தாலும் டிகோடருக்கு ஒவ்வொரு செக்டாரின் தொடக்கத்தையும் காட்டும் 12 பைட் அடையாளம் கிடைக்காது, படம் வராது. கிட்டில் இருந்த ஜம்பரை மாற்றி மாற்றிப் போட்டு, எந்த அமைப்பில் படம் நிற்கிறதோ அதிலிருந்து அந்த சர்வோ சிப்பின் அடுக்குமுறையைத் தெரிந்துகொண்டார்கள். ஒரு மாடலில் ஒரு முறை தெரிந்துவிட்டால் அதே மாடல் அடுத்து வரும்போது பத்து நிமிட வேலை. அந்த அறிவு கடைக்குக் கடை வாய்வழியே பரவியது.

இது வெறும் போர்டு மாற்றும் வேலை, இதற்கு ஏன் பெரிய பெயர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஏனென்றால் கடையில் நடந்ததில் பெரும்பகுதி அப்படிப்பட்டதே. தேய்ந்த லென்ஸைக் கழற்றி கேஎஸ்எஸ்-213சி புதிதாகப் போடுவதில் எந்த ஆராய்ச்சியும் இல்லை. ஆனால் கிட் போடுவது அந்த வகையில் சேராது. மாற்றும் பாகம் பழைய பாகத்தின் இடத்தில் உட்காரவில்லை. ஒருபோதும் சேர்த்து ஓட்டும்படி செய்யப்படாத இரண்டு கருவிகளுக்கு நடுவே, இரண்டின் விதியையும் தெரிந்துகொண்டு பாலம் போட வேண்டியிருந்தது. டெல்லியிலிருந்து வரும் எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ இதழ், 2000-களின் தொடக்கத்தில், ஆடியோ சிடி பிளேயரை விசிடி பிளேயராக்கும் முறையைச் செய்முறைக் கட்டுரையாகவே வெளியிட்டது. ஆங்கிலப் பொறியியல் இதழில் அச்சேறினால் பொறியியல், திருமங்கலத்தில் ஈயம் பற்றவைத்தால் ரிப்பேர் என்று பிரிப்பது வேலையின் தன்மையைப் பார்த்து அல்ல.

டிவிடியோடு நிரல் நேரடியாக மேசைக்கு வந்தது. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தக் கருவிக்கு உலகத்தை மண்டலங்களாக வெட்டிக் கொடுத்தார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் வளைகுடாவும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. மகன் சிங்கப்பூரில், மருமகன் துபாயில், தங்கை லண்டனில் என்று சிதறிய தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிட இடைஞ்சலான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. இந்த மண்டலப் பூட்டு உண்மையில் ஃபிளாஷ் மெமரியில் எழுதிய ஒரு எண், அவ்வளவே. பிலிப்ஸின் டிவிபி வரிசையில் பல மாடல்களில் செட்டப் மெனுவில் ப்ரிஃபரன்ஸ் பக்கத்துக்குப் போய் ரிமோட்டில் 138931 அழுத்தினால் மறைந்திருந்த மண்டல எண் திரையில் தெரியும். அம்புக்குறியால் அதை 0 ஆக்கினால் எந்த நாட்டுத் தட்டும் ஓடும். அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். அக்காலத்து மலிவு பிளேயர்களில் எங்கும் தென்பட்ட மீடியாடெக் சிப்பின் பெயர் எம்டி1389. பிளேயரின் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் உள்ளே யார் இருக்கிறார் என்பதை அந்த ரகசிய எண்ணே சொல்லிவிடுகிறது.

பெயர் தெரியாத அசெம்பிள் செட்டுகளில்தான் உண்மையான பரீட்சை. ஒரே சிப், ஒரே மாதிரி போர்டு. ஆனால் ஒன்றில் சான்யோ எஸ்எஃப்-எச்டி62 லென்ஸ், இன்னொன்றில் வேறு. முகப்பு டிஸ்ப்ளே வேறு, ரிமோட் குறி வேறு, ரேம் அளவு வேறு. இவை அத்தனையும் 2 மெகாபைட் ஃபிளாஷுக்குள் இருக்கும் நிரலில் எழுதியிருக்கும். கரண்ட் ஏறி இறங்கியோ, பாதியில் நின்ற அப்டேட்டாலோ அந்த நிரல் அழிந்தால் செட் லோகோவைக் கூடக் காட்டாது. அதே போர்டு எண் அச்சடித்த நல்ல செட்டிலிருந்து ஃபிளாஷைக் கழற்றி ப்ரோக்ராமரில் படித்து, செத்த செட்டுக்கு ஏற்றுவார்கள். செட்டுக்கு உயிர் மிச்சமிருந்தால் கோப்பை சிடியில் எழுதி உள்ளே போட்டாலே தானாக ஏற்றிக்கொள்ளும். பொருந்தாத நிரல் ஏறினால் அறிகுறிகள் பேசும். படம் வருகிறது, ரிமோட் வேலை செய்யவில்லை: ரிமோட் குறி வேறு. மெனு வருகிறது, எந்தத் தட்டையும் படிக்கவில்லை: லென்ஸ் அமைப்பு வேறு. டிரே திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது: லோடர் வேறு. டெக்குக் காலத்தில் சிப்பின் நடத்தையிலிருந்து நிரலை ஊகித்த அதே முறை. மாறியது ஒன்றுதான்: இப்போது ஊகத்தைச் சரிபார்க்க நிரலையே மாற்றிப் போட முடிந்தது.

இதற்கு எதிரான வலுவான வாதம், எல்லாவற்றையும் சீன உற்பத்தியாளர்களே திறந்து வைத்திருந்தார்கள், மெக்கானிக் திறந்த கதவில் நுழைந்தார் என்பது. பாதி உண்மை. ஒரே பிளேயரைப் பல நாட்டுக்கு விற்க வேண்டியிருந்ததால்தான் அந்த மறைந்த மண்டல மெனுவை வைத்தார்கள். ஆனால் மெனு இருப்பது ஒன்று, அதற்கான வழி தெரிவது வேறு. சிப்பின் ஆவணங்களைக் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்ட தொழிற்சாலைகளுக்குத்தான் கொடுத்தன, பழுது பார்க்கிறவர்களுக்கு அல்ல. தவிர, வான்யனின் முதல் ஆயிரம் பிளேயர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலே ஒருவர் செய்ததை இன்னொருவர் பிரித்துப் பார்த்து வளர்ந்தது. ஹெஃபெயில் தொடங்கிய பிரித்தறிதலின் கடைசிக் கண்ணிதான் திருமங்கலத்து மேசை. அங்கே தொழிற்சாலை கட்டுவதற்காகச் செய்தார்கள், இங்கே வாடிக்கையாளர் சாயங்காலம் வந்து கேட்பாரே என்பதற்காகச் செய்தார்கள்.

திருட்டு விசிடி பற்றிய மறுப்பை ஒதுக்க முடியாது. பிளேயருக்குக் கிட் போட்ட தெருவிலேயே புதுப்படத்தின் கள்ளப்பிரதியும் விற்றது. அது இவ்வளவு பெருகியதைக் கண்டே 2004-ல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். ஆனால் நகலெடுக்கும் வேலை வேறு, ஓட்டும் வேலை வேறு. மண்டலப் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய தட்டை வேறு ஊரில் பார்ப்பதைத்தான் தடுத்தது. கள்ளப்பிரதியில் பூட்டே இருக்காது, அதற்கு மெக்கானிக் தேவையில்லை. 2007-ல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, முந்தைய ஆண்டிலிருந்து அரசு கொடுத்த இலவச வண்ண டிவியோடு இணைத்த மலிவு பிளேயர்களில்தான் அந்த நல்ல தட்டுகளும் ஓடின. சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 1999-ல் சேர்த்த விதிகள், முறையாகக் கையில் இருக்கும் நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்துச் சோதிப்பதையும், வேறு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை எடுப்பதையும் குற்றமாக்கவில்லை. 2012-ல் வந்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது, ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான். ஒரு மாடலின் நிரலை நகலெடுத்துச் சந்தையில் விற்றால் அது இந்த விதிகளின் நிழலில் நிற்காது என்றே நினைக்கிறேன். செத்த செட்டுக்கு அதன் சொந்த நிரலைத் திருப்பி ஊட்டுவதை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தொழில் ஏன் நின்றது என்று கேட்டால் செல்போனைச் சொல்வார்கள். அதற்கு முன்பே மேசையின் கணக்கு மாறிவிட்டது. பிளேயர் முழுவதும் ஒரே சிப்பும் ஒரு 8 கால் ஃபிளாஷுமாகச் சுருங்கி, புதுசு விலைக்கும் ரிப்பேர் கூலிக்கும் இடைவெளி இல்லாமல் போனது. பிறகு வந்த செட்டாப் பாக்ஸ் வாடிக்கையாளரின் வீட்டில் இருந்தாலும் கம்பெனியின் சாவிக்கே கட்டுப்பட்டது; நிரலை எடுத்துப் பார்த்தாலும் மாற்றிப் போட்டால் ஏற்காது. பிரித்தறியும் பழக்கம் தெரிந்தவர்கள் ஆம்ப்ளிஃபயர் பக்கம் நகர்ந்தார்கள். ப்ரோலாஜிக் போர்டு, 5.1 டிகோடர் போர்டு, ப்ளூடூத் போர்டு என்று தனித்தனியாக வாங்கி ஒரு பெட்டிக்குள் ஹோம் தியேட்டர் செட் போட்டுத் தருவது தென்மாவட்டங்களில் இன்றும் ஓடும் தொழில். இப்போது விற்கும் டிஏசி போர்டுகளில் பிசிகே, எல்ஆர்சிகே, டேட்டா என்று கம்பி போட வேண்டிய துளைகளின் பக்கத்திலேயே அச்சடித்து வருகிறது; பாஸ் அழுத்தி மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.